டிப்ளோமாவுக்கு மேல ஒரு கெபுஜியான்: சொந்தக் காசுல டிகிரி படிச்ச டீச்சரோட மூணரை நட்சத்திரம்

வேலை பாத்துக்கிட்டே தூரத்துல இருந்து நான் படிச்சு முடிச்ச கல்வித்துறை டிகிரிக்கு முதல்லயே மார்க்கு போட்டுடுறேன், அஞ்சுக்கு மூணரை. ஒரு நட்சத்திரம் ஆளு சேக்குற கவுண்டருக்காக கொறச்சேன், அரை நட்சத்திரம் ஸ்லைட வாசிச்சே ஒரு செமஸ்டர ஓட்டின ஒரு டியூட்டருக்காக. மிச்சம் இருக்க மூணரையில முக்கால்வாசி கடைசி வருஷம் பண்ண செயலாய்வுக்குப் போகுது, அதாவது என் வகுப்புலயே நான் பண்ண ஆராய்ச்சிக்கு, அத கீழ தனியா சொல்றேன், அதுக்காகத்தான் இத எழுதவே ஒக்காந்தேன். எந்த யூனிவர்சிட்டின்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன், எனக்கு அங்க இருந்து இன்னும் ஒரு டெப்பாசிட் திரும்பி வரணும் லா.

நான் பினாங்குல, தீவுக்கு எதிர்க்கரைல இருக்க பிறைப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளில இருக்கேன், படிநிலை ஒண்ணு, பெரும்பாலும் ஆண்டு 2. மக்தாப்ல, அதான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரில, டிப்ளோமா முடிச்சிட்டு 2006ல வேலைக்கு வந்த ஆளு, டிப்ளோமா டீச்சருக்கான சம்பள கிரேடு டிஜிஏ29. எங்க பேட்ச்ல பாதிப்பேரு, டீச்சருங்கள பட்டதாரி ஆக்குற பிபிஜி திட்டம் வந்தப்பவே லீவு நாளெல்லாம் ஐபிஜிக்கு (இப்ப மக்தாப்போட பேரு) ஓடி டிகிரிய முடிச்சிட்டாங்க, எனக்கு அப்ப ரெண்டாவது பிரசவம், அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன், அந்த அப்புறம் வரவே இல்ல. அப்புறம் ஒரு பொண்ணு புதுசா வந்துச்சு, ஐபிஜில அஞ்சரை வருஷம் படிச்சிட்டு நேரா டிகிரி டீச்சர் கிரேடு டிஜி41ல. நல்ல பொண்ணு, என்னய அக்கான்னுதான் கூப்புடும், ஆர்பிஎச் (நாள் பாடத்திட்டம்) எழுத நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஒரு நாளு கேண்டீன்ல பசியாறிக்கிட்டு இருக்கப்ப சம்பளப் பேச்சு வந்துச்சு. இன்னைக்குக் கணக்குக்கு என் சம்பளம்தான் கூட, ஆனா கொஞ்ச வருஷத்துல அது என்னயத் தாண்டிப் போயிரும், ஏன்னா அது போற ரோடு வேற, நான் போற ரோடு வேற, என் ரோடு கொஞ்ச தூரத்துல முட்டுச்சந்து. பொறாமைதான், மறைக்கல. அன்னைக்கு ராத்திரியே லேப்டாப்ப தொறந்து தேட ஆரம்பிச்சிட்டேன்.

வேலை பாத்துக்கிட்டே தூரத்துல இருந்து படிக்கிறது பினாங்குக்குப் புதுசு ஒண்ணும் இல்ல, யூஎஸ்எம்ல 1971லயே ஆரம்பிச்சிட்டாங்க, எங்க பெரியப்பா காலத்து வாத்தியாருங்கள்லாம் கூட அப்படி படிச்சவங்க இருக்காங்க. தமிழ்மொழியவே மேஜரா எடுக்கணும்னா தஞ்சோங் மாலிம்ல உப்சி யூனிவர்சிட்டி இருக்கு. நம்ம மாதிரி டிப்ளோமா கையில வெச்சிக்கிட்டு கல்வித்துறையிலயே சர்ஜானா மூடா டெங்கான் கெபுஜியான், அதாவது ஹானர்ஸ் டிகிரி, வாங்கணும்னா திறந்தவெளி யூனிவர்சிட்டி, பிரைவேட்டுன்னு நெறைய கடை விரிச்சிருக்காங்க, ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி கோர்ஸுக்கு அங்கீகாரம் குடுக்குற எம்கியூஏவோட எம்கியூஆர் பட்டியல்ல அந்தக் கோர்ஸ் பேரு அப்படியே எழுத்துக்கு எழுத்து இருக்கான்னு நீங்களே தட்டிப் பாருங்க, ஏஜென்ட் காட்டுற பிரோஷர நம்பாதீங்க. ஹானர்ஸ்னா என்ன டீச்சர் பெருசான்னு கேக்குறவங்களுக்கு: இங்கிலாந்துல 360 கிரெடிட் முடிச்சாதான் ஹானர்ஸ், 300ல நிறுத்துனா சாதா டிகிரி, அதனால அங்க அந்த வார்த்தைக்கு ஒரு வெயிட் இருக்கு. நம்ம நாட்டுல ஏறக்கொறைய எல்லா டிகிரிலயும் கெபுஜியான்னு ஒட்டித்தான் வருது, அதனால அந்த வார்த்தைய பாத்து மயங்கவும் வேணாம், பயப்படவும் வேணாம்.

இப்ப கவுண்டர். நான் போனப்ப அங்க இருந்த பையன் தேனா பேசினான். சிக்கு (டீச்சர்) டிப்ளோமா வெச்சிருக்கீங்க, 13 வருஷ அனுபவம், கிரெடிட் டிரான்ஸ்பர் 30 விழுக்காடு வரைக்கும் கெடைக்கும், மொத்தம் 120 கிரெடிட்ல 36 கழிஞ்சிரும், பிராக்டிக்கமும் (பள்ளில போயி பண்ற கற்பித்தல் பயிற்சி) சிக்குக்கு வேணாம், மூணு வருஷத்துல ஸ்க்ரோல், அதான் பட்டம், கையிலன்னான். நானும் தலைய ஆட்டிட்டு பணத்தக் கட்டிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு லெட்டர் வருது, 27 கிரெடிட்தான் கழிச்சிருக்காங்க. போன் பண்ணுனா வேற ஒருத்தர் எடுக்குறாரு, 36 வரைக்கும்னுதானே சொன்னோம், 36ன்னு சொல்லலையேன்னாரு. அந்த “வரைக்கும்”ல நான் மூணு பாடம் கூட எழுதினேன்.

இதுல ஒரு கணக்கு இருக்கு, சேரும்போது எனக்கு யாரும் போட்டுக் காட்டல, அதனால நான் போட்டுக் காட்டுறேன். நம்ம நாட்டுக் கணக்குல ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேர உழைப்பு, வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட், பரீட்சை எல்லாம் சேத்து. எனக்கு மிச்சம் இருந்தது 93 கிரெடிட், அதாவது 3,720 மணி நேரம். நாலு வருஷத்துக்குப் பிரிச்சா வாரத்துக்கு கிட்டத்தட்ட 18 மணி நேரம். பள்ளிக்கூடம், புறப்பாடம், வகுப்பறை மதிப்பீடு, ஐடிஎம்இ சிஸ்டத்துல வருகை போடுறது, வீட்டுல ரெண்டு புள்ளைங்க, மாமியாருக்கு கிளினிக், இதுக்கு மேல 18 மணி நேரம். உண்மைய சொன்னா நான் பத்துப் பன்னெண்டுதான் குடுத்திருப்பேன், அது என் சிஜிபிஏல நல்லாவே தெரியும்.

2019 செப்டம்பர்ல ஆரம்பிச்சேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கெழம பினாங்குத் தீவுக்கு வகுப்புக்குப் போகணும். அந்த வருஷம் ஜனவரில இருந்து பினாங்குப் பாலத்துல மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்ல, ஃபிரீதான், ஆனா 13.5 கிலோமீட்டர் கடல் காத்துல ஒரு சின்ன மோட்டார ஓட்டிக்கிட்டுப் போயி பாருங்க தெரியும், லோரி ஒண்ணு பக்கத்துல போனா உசுரு போயி வரும். அதனால பெர்ரிதான். மோட்டார ஸ்டாண்ட் போட்டுட்டு பழைய பெர்ரியோட கம்பில சாஞ்சிக்கிட்டு மாடூல வாசிப்பேன், பட்டர்வொர்த்ல ஏறினா ஜெட்டி வர்றதுக்குள்ள நாலஞ்சு பக்கம். முழு கோர்ஸ்லயும் நான் கவனமா வாசிச்ச பக்கம்னா அதுதான். 2020 மார்ச் 18 பிகேபி, அதான் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு, வந்து எல்லாம் ஆன்லைன் ஆச்சு, அந்த வருஷக் கடைசியோட காடி (கார்) ஏத்துற பெர்ரியையும் நிறுத்திட்டாங்க. இப்ப புது பெர்ரி ஓடுது, ஏர்கான் வெச்சது, காடி ஏறாது, மோட்டார் ஏறும், ஆனா கம்பில சாஞ்சிக்கிட்டு காத்து வாங்குற சுகம் அதுல இல்ல. கோர்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, சும்மா சொல்றேன்.

பாடங்களப் பத்தி ரொம்ப இழுக்க மாட்டேன். 13 வருஷம் வகுப்புல நின்னவளுக்கு முதல் வருஷத்துல பாதி பழைய சோறுதான், புளூம் டாக்சானமி, பியாஜே, இதெல்லாம் மக்தாப்லயே மனப்பாடம் பண்ணியாச்சு. ஆனா வைகோட்ஸ்கிய இந்த வாட்டி வாசிச்சப்ப வேற மாதிரி இருந்துச்சு. மெதுவா படிக்கிற புள்ளைய கொஞ்சம் கெட்டிக்காரப் புள்ள பக்கத்துல ஒக்கார வெக்கிறது நம்ம எல்லாருமே பண்றதுதான், ஆனா ரொம்பக் கெட்டிக்காரப் புள்ள பக்கத்துல வெச்சா ஏன் வேலைக்கு ஆகுறதில்லைன்னு அதுலதான் புரிஞ்சிச்சு, எட்டுற தூரத்துல இருந்தாத்தானே கைய நீட்டுவான். எம்பியூ பாடங்கள்னு சில இருக்கு, எல்லாரும் எடுத்தே ஆகணும், எஸ்பிஎம் முடிச்சிட்டு வந்த பசங்களோட நாப்பது வயசுல ஒக்காந்து அறநெறிய பத்தி ஃபோரம்ல எழுதணும், ஒரு பையன் எனக்கு “ஹாய் சிஸ், ஐ அக்ரி”ன்னு பதில் போட்டான், அதுக்கு மார்க்கு வேற. புள்ளிவிவரப் பாடம்தான் கண்ணுல தண்ணி வர வெச்சது, டி-டெஸ்ட்டுன்னா என்னன்னு எங்க மூத்தவன்தான் எனக்கு சொல்லிக் குடுத்தான், அவன் அப்ப படிவம் அஞ்சு.

ஒரு மனக்கொற. எல்லா அசைன்மென்ட்டும் மலாய்ல இல்லாட்டி இங்கிலீஷ்ல. அது நாட்டு நெலம, புரியுது. ஆனா 1816ல பினாங்கு ஃபிரீ ஸ்கூல்ல தமிழ் வகுப்பு தொடங்கின ஊரு இது, இந்த நாட்டுல தமிழ்க்கல்விக்கு வயசு சொல்றப்ப அங்க இருந்துதான் எண்ணுறோம், அதே ஊர்ல ஒக்காந்துகிட்டு நான் சொல்வதெழுதுதல பத்தி முப்பது பக்கம் மலாய்ல எழுதுறேன், அதுல ழகரம்ங்கிறத எப்படி எழுதுறதுன்னே தெரியல. ஒவ்வொரு எடத்துலயும் ரெண்டு வரி வெளக்கம் போட்டு, வார்த்தை எண்ணிக்கை தாண்டிப் போயி மார்க்கு கொறஞ்சதும் உண்டு.

சரி, செயலாய்வு. கடைசி வருஷம், 2022, பள்ளிக்கூடம் மறுபடி ஒழுங்கா நடக்க ஆரம்பிச்ச நேரம். ஆன்லைன் காலத்துல வளந்த புள்ளைங்க ஆண்டு 2க்கு வந்திருக்காங்க, சொல்வதெழுதுதல் வெச்சா ல, ள, ழ மூணும் ஒண்ணுக்கொண்ணு வீடு மாறிக் கெடக்கு. ஆறு புள்ளைங்கள எடுத்தேன், பெத்தவங்ககிட்ட கையெழுத்து வாங்கினேன், 20 சொல்லு. ஒரு பையன் நாலுதான் சரி. நான் முன்மொழிவுல என்ன எழுதினேன்னா, மாணவர்கள் கவனமா கேக்குறதில்ல, அதனால பயிற்சி கூட்டணும், வண்ண அட்டை வெச்சு வெளயாட்டு பண்ணப் போறேன்னு. நம்ம எல்லாரும் எழுதுறது அதானே.

எனக்கு வந்த சூப்பர்வைசர் ஒரு மலாய்க்காரம்மா, ரிடையர் ஆன லெக்சரர், தமிழ் ஒரு எழுத்து தெரியாது. கூகள் மீட்ல என் அட்டவணைய பாத்துட்டு, இந்தப் பையனோட புஸ்தகத்த காட்டுங்கன்னாங்க. காட்டினேன். இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து, சத்தம் எப்படின்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க. நான் மூணையும் சொல்லிக் காட்டினேன். அவங்க ரெண்டு வாட்டி திருப்பிக் கேட்டுட்டு, சிக்கு, எனக்கு மூணாவதும் ரெண்டாவதும் ஒரே மாதிரி கேக்குதுன்னாங்க. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, உங்களுக்கு தமிழ் தெரியாது அதான்னு மனசுல நெனச்சிக்கிட்டேன். செயலாய்வுக்கு வகுப்ப ஆடியோ எடுத்து வெக்கணும்ல, அத கேட்டீங்களான்னாங்க. இல்லன்னேன். “ச்சுபா சிக்கு டெங்கார் பாலேக்”னாங்க, நீங்களே திருப்பிக் கேட்டுப் பாருங்கன்னு. அவ்வளவுதான், மீட்டிங் முடிஞ்சிச்சு.

அன்னைக்கு ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி வெச்சிட்டு அடுப்படிலயே ஒக்காந்து ஹெட்போன மாட்டிக் கேட்டேன். என் குரல். “மூணாவது சொல், மளை. மளை பெய்தது. மளை.” அடுத்தது “வாளைப்பளம்”. சத்தமா, தெளிவா, மூணு மூணு வாட்டி. அந்தப் பையன் புஸ்தகத்துல மளைன்னு எழுதியிருந்தான், நான் செவப்பு மையில சுழிச்சு வெச்சிருக்கேன். அவன் தப்பா எழுதல, நான் சொன்னத சரியா எழுதியிருக்கான். எங்க வீட்டுல ழ கெடையாது, எங்க அம்மா தோட்டத்துல பொறந்து வளந்தவங்க, பளம்தான், கெளவிதான், நானும் அதேதான், மக்தாப்ல பேச்சுப் போட்டிக்கு மட்டும் ழ வரும், ஆண்டு 2 வகுப்புல வேகமா சொல்றப்ப வராது. 16 வருஷமா புள்ளைங்களுக்கு காது கேக்கலன்னு சத்தத்த கூட்டிக்கிட்டே இருந்திருக்கேன்.

முன்மொழிவ தூக்கிப் போட்டுட்டு மறுபடி எழுதினேன். கெம்மிஸ், மெக்டாகார்ட் சொல்ற அந்த சுழற்சி இருக்குல்ல, திட்டம் போடு, செஞ்சு பாரு, கவனி, யோசி, மறுபடி திட்டம் போடு, அது வரைக்கும் பரீட்சைக்கு வரையிற படமாத்தான் இருந்துச்சு எனக்கு, அந்த வாட்டிதான் அதுக்குள்ள நானே சுத்தினேன். ஈக்கோ கடைல ஆறு சின்னக் கண்ணாடி வாங்கினேன். புள்ளைங்க வாயத் தொறந்து நாக்க பாக்கணும்: லவுக்கு நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னாடி போயி ஒட்டும், ளவுக்கு மடங்கி மேல அண்ணத்த தொடும், ழவுக்கு மடங்கும் ஆனா எதையும் தொடாது, அந்தரத்துல நிக்கும். முதல் நாளு முழுக்க சிரிப்புதான், ஒருத்தன் கண்ணாடில எச்சி துப்பிட்டான், பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பாத்துட்டுப் போனாரு. கூடவே கண்ணுக்குப் பழக்குறதுக்கு சொல் குடும்பம், மழை, மேகம், குடைன்னு படத்தோட ஒட்டி வெச்சேன், ஏன்னா வீட்டுக்குப் போனா அவங்க காதுல விழப்போறது மறுபடி மளைதான், அதுல தப்பும் இல்ல, வீட்டுப் பேச்சு அது. ஏழு வாரத்துல அந்தப் பையன் நாலுல இருந்து பதிமூணுக்கு வந்தான். ஒரு பொண்ணு ஒம்போதுலயே நின்னுச்சு, அசையல. அத விட்டுட்டு அஞ்சு பேர மட்டும் போடலாமான்னு நான் கேக்குறதுக்குள்ள சூப்பர்வைசரே சொல்லிட்டாங்க, அந்தப் புள்ளையப் பத்திதான் கூட எழுதணும்னு. எழுதினேன். பாத்தா பாதி நாளு அது வகுப்புக்கே வரல, தம்பிய பாத்துக்க வீட்டுல நிறுத்தி வெச்சிருக்காங்க, கண்ணாடிக்கு அதுல என்ன வேல.

இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் தனியா பணம் வாங்கினா கூட நான் கட்டியிருப்பேன். சூப்பர்வைசர் நல்லவங்களா அமையிறது அதிர்ஷ்டம், என் கூட்டாளி ஒருத்திக்கு வந்த ஆளு ஆறு மாசத்துல ரெண்டே ஈமெயில் போட்டாரு, ரெண்டுலயும் “நோட்டட்”.

அதுக்கப்புறம் நடந்தது வேற கூத்து. ரிப்போர்ட்ட சிமிலாரிட்டி செக் பண்ணா 38 விழுக்காடு, திருடிட்டேன்னு நெனச்சிட்டாங்க. பாத்தா டிஎஸ்கேபில (பாடத்திட்ட ஆவணம்) இருக்க கற்றல் தர வாசகமும் ஃபாரமும்தான் அப்படியே மஞ்சளா இருக்கு, அத எல்லா டீச்சரும் அப்படியேதான் போடணும், மாத்தி எழுதவே கூடாது. பின்னிணைப்புல தள்ளினதும் எறங்கிருச்சு. பிரிண்ட் எடுக்கப் போன கடைல தமிழ் எழுத்து ஒடஞ்சு கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் விழுந்திருக்கு, கறுப்பு அட்டை பைண்டிங் போட்டு தங்க எழுத்து குத்தினதுக்கு அப்புறம்தான் பாத்தேன், பிடிஎஃப் ஆக்கி ஃபாண்ட உள்ளுக்குள்ள பதிச்சிக் குடுங்க, என்னய மாதிரி வோர்ட் ஃபைல குடுக்காதீங்க.

எல்லாம் முடிஞ்சிச்சுன்னு நெனச்சா ஒரு ஈமெயில்: பிராக்டிக்கம் பாக்கி. வேணாம்னு சொன்ன பையன் வேலைய விட்டுட்டுப் போயிட்டானாம். எழுத்துல இருக்கான்னு கேட்டாங்க, எங்க இருக்கு, வாயிலதானே சொன்னான். ஜிபிகிட்ட (தலைமையாசிரியர்) லெட்டர், பிபிடில (மாவட்டக் கல்வி அலுவலகம்) லெட்டர், பதவி உறுதி லெட்டர் காப்பி, எல்லாம் கட்டா அனுப்பி, அஞ்சு மாசம் நாயா அலைஞ்சு கடைசில விலக்கு குடுத்தாங்க, அதுக்குள்ள ஒரு செமஸ்டர் போச்சு, அந்த செமஸ்டருக்கும் பதிவுக் கட்டணம் வாங்கிட்டாங்க. வேலை பாக்குற டீச்சருங்க சேர்றதுன்னா ரெண்டே ரெண்டு விஷயத்த சேர்றதுக்கு முன்னாடி ஈமெயில்ல வாங்கிடுங்க, எத்தன கிரெடிட் கழியும்ங்கிற நம்பரு, பிராக்டிக்கம் உண்டா இல்லையா. வாட்ஸப் வாய்ஸ் மெசேஜ் கணக்குல சேராது.

பணம் மொத்தம் எனக்கு 22,000 வெள்ளிக்குப் பக்கத்துல ஆச்சு, செமஸ்டருக்கு செமஸ்டர் கட்டினேன், பகுதி நேரத்துக்கும் பிடிபிடிஎன் படிப்புக் கடன் கெடைக்கும், ஆனா எனக்கு இந்த வயசுல கடன் வேணாம்னு இருந்துச்சு, கூட்டு (சீட்டு) எடுத்து சமாளிச்சேன். வருமான வரில கழிச்சிக்கலாம்னு நெனச்சீங்கன்னா நல்லா வாசிங்க: சொந்தப் படிப்புக்கு 7,000 வெள்ளி வரைக்கும் விலக்கு இருக்கு, ஆனா மாஸ்டர்ஸ், பிஎச்டின்னா எந்தப் பாடமும் சரி, டிகிரின்னா சட்டம், கணக்கியல், தொழில்நுட்பம், அறிவியல் மாதிரி குறிப்பிட்ட துறைக்கு மட்டும்தான். கல்வித்துறை டிகிரி அதுல இல்ல. டீச்சர் டீச்சருக்குப் படிச்சா விலக்கு கெடையாது, இத கேட்டப்ப எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. லேப்டாப்ப மட்டும் லைஃப்ஸ்டைல் கணக்குல போட்டேன்.

ஸ்க்ரோல் வந்த உடனே சம்பளம் ஏறிடும்னு நெனச்சி சேராதீங்க, தானா ஒண்ணும் நடக்காது. டிகிரி கிரேடுக்கு மாத்துற கேபிஎஸ்எல் பதவி உயர்வுக்கு விண்ணப்பம் போடணும், எஸ்பிபி (கல்விச் சேவை ஆணையம்) இண்டர்வியூ போகணும், காலியிடம் பாப்பாங்க, காத்திருக்கணும். இண்டர்வியூவுல என்னய செயலாய்வு பத்தித்தான் கேட்டாங்க, கண்ணாடிக் கதைய சொன்னேன், ஒரு அதிகாரி அவர் நாக்க மடக்கிப் பாத்துக்கிட்டாரு. நான் காத்திருந்த நேரத்துல 2024 டிசம்பர் 1ல இருந்து அரசாங்கம் எஸ்எஸ்பிஏன்னு புது சம்பளத் திட்டத்துக்கு மாத்தி கிரேட் நம்பரயெல்லாம் மாத்திடுச்சு, பழைய 41 இப்ப 9. நாலு வருஷமா டிஜி41 டிஜி41ன்னு வீட்டுல பொலம்பினவளுக்கு கடைசில லெட்டர் வந்தப்ப அதுல டிஜி9. எங்க வீட்டுக்காரரு கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரெண்டு வாட்டி வாசிச்சிட்டு கேட்டாரு, “ஏன் லா, 29ல இருந்து 9க்கு எறக்கிட்டாங்களா?”